சாகாப் பட்டியலின் பத்தாவது வரி

லாய் குய்ஷானுக்குப் பட்டமளிப்பு நடந்தது ஒரு வியாழக்கிழமை. விளக்குத் திருவிழா முடிந்து ஒன்பதாம் நாள். அந்த நிறுவனத்தில் ஆளை வேலையை விட்டு அனுப்புவதை யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. 'பட்டம் பெற்றுவிட்டார்' என்பார்கள். அலுவலக அரட்டைக் குழுவில் பூங்கொத்துப் படங்கள் வரிசையாக வந்து விழும். லாய்க்கு அதுவும் விழவில்லை. நாற்பது பேர் உட்கார்ந்திருந்த அந்தப் பதினான்காம் மாடியில் அவள் பெட்டி கட்டும் சத்தம் மட்டும் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தவர்கள் இரண்டு பேர். அவர்களும் அவள் நாற்காலி நல்ல நாற்காலியா என்று பார்த்தவர்கள்.

பதினாலு வருடத்துக்கு அவளிடம் சேர்ந்திருந்தது ஒரு மூடி போட்ட தேநீர்க் குவளை, உப்புப் பிளம் ஜாடி, ஒரு கம்பளிச் சால்வை, ஒரு மடக்குக் கட்டில். ஷென்சென் நகர அலுவலகங்களில் பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்து எல்லோரும் மேசைக்கடியிலிருந்து கட்டிலை இழுத்துப் போட்டுத் தூங்குவார்கள். இரண்டு மணிக்கு விளக்கு வரும். கட்டில் இல்லாத ஆள் அங்கே ஆளே இல்லை.

வாசல் காவலாளி கட்டிலைத் தட்டிப் பார்த்தான். "இது கம்பெனியோடதா, உங்களுதா?"

"என்னுதுதான். விரிச்சுப் படுத்துக் காட்டவா?"

ஆனால் இந்தப் பேச்சு கீழே வந்த பிறகு நடந்தது. அதற்கு முன்னால் லிஃப்டில் ஒரு பேச்சு நடந்தது. போகிறவரைக் குழுத் தலைவர் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும் என்பது விதி. மரியாதைக்காக இல்லை, வழியில் எந்தக் கணினியிலும் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக. குழுத் தலைவன் ஷாவோ. முப்பத்துமூன்று வயது. எட்டு வருடத்துக்கு முன்னால் லாயின் கீழே வேலைக்குச் சேர்ந்தவன், இப்போது லாய்க்கு மேலே இருந்தவன். கட்டிலை அவள்தான் தூக்கிக்கொண்டிருந்தாள். அவன் கை கொடுக்கவில்லை.

பத்தாம் மாடி தாண்டும்போது லாய் சொன்னாள்: "ஷாவோ, ஒண்ணே ஒண்ணு. பத்தாவது வரியை மட்டும் எடுத்துடாத."

"காரணம் எழுதிக் குடுங்க அக்கா."

"காரணம் உனக்குத் தெரியும்."

"தெரியும்." அவன் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். "போதாது."

கதவு திறந்தது.

'காரணம் போதாது' என்பது லாயின் சொல். பதினாலு வருடத்தில் எத்தனை பேர் முகத்தில் அதை வீசியிருக்கிறாள் என்று அவளே எண்ணியதில்லை. அன்றைக்குத்தான் அது திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது. சுத்தமாகப் பிடித்து எறிந்திருந்தான். ஒரு காலத்தில் அவள்தான் அவனுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவள்.

லாய் மெய்ஜோ மலைப்பக்கத்து ஹக்கா இனத்துப் பெண். இருபது வயதில் நகரத்துக்கு வந்து, மின்பொருள் சந்தையில் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று செத்த போன்களைப் பிழைக்க வைத்தவள். பெரிய கல்லூரி எதையும் பார்த்ததில்லை. போன் ஏன் சாகிறது என்பதைக் கையில் பிடித்துப் படித்தாள். அதனால்தான் போன் செய்யும் நிறுவனம் அவளை எடுத்துக்கொண்டு, போனுக்குள் எதைச் சாகடிப்பது என்று முடிவு செய்யும் வேலையைக் கொடுத்தது.

அந்த வேலையைப் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் இப்படிச் சொல்வாள்: "காலைத் தேநீர்க் கடைன்னு வச்சுக்கோ. மேசை இருபதுதான். ஆனா போன் பண்றவங்க எல்லாருக்கும் 'வாங்க, இடம் இருக்கு'ம்பான். அம்பது பேருக்கு வாக்குக் குடுப்பான். ஏன்னா பாதிப் பேர் வர மாட்டாங்க. வர்றவனும் பத்துப் பேருக்கு மேசை கேட்டுட்டு ரெண்டு பேரோட வந்து கஞ்சி குடிச்சுட்டுப் போவான். வருஷம் பூராவும் இந்தப் பொய்யில கடை ஓடும். கல்லறை கும்புடுற ஞாயித்துக்கிழமை மட்டும் சொன்னவன் எல்லாரும் சொன்ன மாதிரியே வந்து நிப்பான். அன்னிக்கு என்ன செய்வ?"

"மன்னிப்புக் கேப்போம்" என்பான் எவனாவது.

"கேட்டா மேசை முளைக்குமா? அன்னிக்கு ஒரு முரடன் வேணும். உக்காந்திருக்கிறவன்ல எவனையாவது சட்டையைப் பிடிச்சு வெளிய போடணும். எவனை? நிறைய இடம் அடைச்சிருக்கிறவனை. போனா யாரும் தேடாதவனை. சமையக்காரனைத் தொடக் கூடாது. தொட்டா கடையே கிடையாது. அந்த முரடன் கையில ஒரு சீட்டு இருக்கும். யாருக்கு எத்தனை மார்க்குன்னு. அந்தச் சீட்டு எழுதுறவதான் நான்."

நினைவகம் தீர்ந்துபோனால் போன் அப்படித்தான் செய்கிறது. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு மதிப்பெண். கூடுதலாக வாங்கியது முதலில் சாகும். கழித்தல் ஆயிரம் என்று எழுதிவிட்டால் அதை எந்த நிலையிலும் தொட முடியாது. அப்படி எழுதப்பட்டவற்றுக்கு அந்த மாடியில் 'சாகாப் பட்டியல்' என்று பெயர். லாயின் காலத்தில் அதில் ஒன்பது வரிகள். அழைப்பை எடுப்பது, திரையை வரைவது, மின்கலத்தைக் கவனிப்பது என்று, இல்லாவிட்டால் போன் போனாகவே இருக்காது என்கிற ஒன்பது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். எழுதியவர் ஒருவர், ஒப்புதல் கொடுத்தவர் இன்னொருவர், இரண்டு பெயரும் வேண்டும்.

மாதத்துக்கு ஐந்தாறு பேராவது அந்தப் பட்டியலில் இடம் கேட்டு வருவார்கள். வானிலைக்காரர்கள், காலடி எண்ணுகிறவர்கள், சுவர்ப்படம் விற்கிறவர்கள். எல்லோருக்கும் அவரவர் செயலிதான் சமையற்காரன். லாய் விண்ணப்பத்தின் கீழே 'காரணம் போதாது' என்று எழுதித் திருப்பி அனுப்புவாள். அவளுக்கு எமராணி என்று பெயர் வைத்தார்கள். அது காதில் விழுந்தபோது, "ராணி எதுக்கு, எமன்னே கூப்பிடுங்க, எழுத்து மிச்சம்" என்றாள்.

அவளை மனதார வெறுத்தவள் மியாவோ. நிறுவனத்தின் கடைச் செயலிக்குப் பொறுப்பு. முப்பது வயது, வேகமான நடை, வேகமான பேச்சு. விலை குறைந்த மாடல்களில் நினைவகம் கொஞ்சம்தான். அதில் ஜனங்கள் கடைச் செயலியைத் திறந்து, ஒரு சட்டையைத் தேர்ந்தெடுத்து, நடுவில் விளையாடப் போய்விட்டுத் திரும்பி வந்தால் சட்டை இருக்காது. முரடன் செயலியைக் கொன்றிருப்பான்.

"லாய் அக்கா, எங்க ஆப் செத்தா கம்பெனிக்கு வருமானம் செத்துச்சுன்னு அர்த்தம்."

"சட்டை வாங்குறது உசிர் போற விஷயமா மியாவோ?"

"உங்க பட்டியல்ல கீபோர்டு இருக்கு. அது மட்டும் உசிர் போற விஷயமா?"

"கீபோர்டு இல்லாம நீ உன் கடையில என்னத்தைத் தேடுவ?"

"எனக்கு ஒரே ஒரு வரி போதும்க்கா. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"இன்னிக்கு உனக்கு ஒண்ணு. நாளைக்கு உன்னைப் பாத்து இன்னும் நாப்பது பேர். எல்லாரும் சாகாதவன்னு ஆகிட்டா முரடன் யாரைப் பிடிப்பான்? சும்மா நிப்பான். கடை மொத்தமா இடிஞ்சு விழும். அதுக்குப் பேரு என்ன தெரியுமா?"

"தெரியாது. பொறாமைன்னு நினைச்சேன்" என்றாள் மியாவோ.

லாய் விண்ணப்பத்தைக் கீழே தள்ளி இரண்டு சொல் தட்டினாள்.

இப்படிப்பட்டவள் பட்டியலில் பத்தாவது வரியை எழுதினாள். அது அவள் மகளுக்காக.

மகள் பெயர் யின்யின். ஹுயிஜோவில் விடுதிப் பள்ளி. பதினாலு வயதில் சர்க்கரை நோய் வந்தது. பிறவியிலிருந்து பதுங்கியிருந்து பாயும் வகை, ஊசி இல்லாமல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாத வகை. மேல்கையில் பொத்தான் அளவுக்கு ஒரு கருவி ஒட்டியிருக்கும். அது இரத்தச் சர்க்கரையைப் பார்த்துப் போனுக்குச் சொல்லும். போனில் 'சர்க்கரை மணி' என்று ஒரு சின்ன நிறுவனத்தின் செயலி. சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கினால் அலறும். பள்ளியில் போனுக்குத் தடை. மருத்துவமனைச் சான்றிதழை வைத்து ஒரே ஒரு போனுக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். விலை குறைந்த மாடல், கேமராவின் மேல் பள்ளி முத்திரை ஒட்டியது. தாயின் நிறுவனம் செய்த போன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியத் தூக்கத்தில் யின்யினுக்குச் சர்க்கரை இறங்கியது. மணி அடிக்கவில்லை. இரண்டு மணிக்கு எழுப்ப வந்த பக்கத்துக் கட்டில் பெண், யின்யின் வியர்வையில் நனைந்து, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து ஏதோ உளறுவதைப் பார்த்துவிட்டு, லிச்சி சாற்றை வாயில் ஊற்றியிருக்கிறாள். பாதி தலையணையில் போனது. மீதி பிழைக்க வைத்தது.

அந்த வாரக் கடைசியில் லாய் மகளின் போனைத் தன் கணினியோடு இணைத்துப் பதிவேட்டைப் படித்தாள். செவ்வாய், பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. நினைவகம் பற்றவில்லை. சர்க்கரை மணி கொல்லப்பட்டது. மதிப்பெண் தொள்ளாயிரம்.

தொள்ளாயிரம் அவள் போட்டது. நெடுநேரம் யாரும் திறந்து பார்க்காத செயலிக்குத் தொள்ளாயிரம் என்று எழுதிய கை அவள் கை. சர்க்கரை மணியை யாரும் திறப்பதில்லை. திறக்காமலே விழித்திருப்பதுதான் அதன் வேலை. முரடனின் கண்ணுக்கு அது மூலையில் ஒன்றும் வாங்காமல் உட்கார்ந்திருக்கும் ஆள். அமைப்புகளில் 'பின்னணியில் ஓட அனுமதி' என்று ஒரு பொத்தான் உண்டு. யின்யின் அதை அழுத்தித்தான் வைத்திருந்தாள். அது ஒப்புக்கு வைத்த பொத்தான் என்பது லாய்க்குத் தெரியும். வைத்தவளே அவள்தான்.

"வேற கம்பெனி போன் வாங்கிக் குடும்மா" என்றாள் யின்யின்.

"அங்கேயும் இதே கதைதான். அங்க சீட்டு எழுதுறவன் பாதிப் பேர் என்கிட்ட படிச்சவனுங்க."

"அப்ப உன்கிட்ட படிச்சவனுங்க என்னைக் கொல்றானுங்கன்னு சொல்லு."

லாய் கணினியிலிருந்து போனைக் கழற்றி மகள் கையில் கொடுத்தாள்.

முறைப்படி விண்ணப்பம் எழுதலாம்தான். எழுதினால் காரணம் எழுத வேண்டும். 'எழுதுபவரின் மகள்' என்று எழுத வேண்டும். ஒருத்திக்கு நியாயம் என்றால் நாளைக்கு இருதயக்காரர், காக்காய்வலிப்புக்காரர், காது கேளாதவர் எல்லோருக்கும் நியாயம்தான். உயிர் காக்கும் செயலிகளுக்கென்று ஒரு தனிப் பிரிவையே உண்டாக்க அவள் நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு திட்டம் கொடுத்திருந்தாள். மேலே இருந்தவர்கள் 'இதில் விற்பனை என்ன' என்று கேட்டு மூடி வைத்தார்கள். அதையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். மியாவோவின் முகத்தையும் நினைத்துப் பார்த்தாள். திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு விளக்கு அணைந்தது. லாய் கட்டிலை விரிக்கவில்லை.

பத்தாவது வரியை எழுதினாள். காரணம்: 'நேர ஒழுங்கு உதவி'. யாருக்கும் ஒன்றும் விளங்காத மூன்று சொற்கள். இதே மூன்று சொற்களை வேறு எவனாவது எழுதியிருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். இனி ஒப்புதல் வேண்டும். இரண்டு மேசை தள்ளி ஷாவோ கண்ணில் துணி கட்டி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கணினி திறந்தே கிடந்தது. மதியம் ஒரு பெரிய வேலையை ஓட விட்டுவிட்டுத் தூங்குவது அவன் பழக்கம். பூட்டினால் கணினியும் தூங்கிப்போய் வேலை நின்றுவிடும் என்று பூட்ட மாட்டான். பூட்டாமல் எழுந்தால் குற்றம் என்று சுவரிலேயே ஒட்டியிருந்தது. அவன் எழுந்து போகவில்லையே, தூங்கத்தானே செய்தான்.

லாய் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள். அவன் தோளுக்கு மேலே கையை நீட்டி ஒப்புதல் பொத்தானை ஒரே ஒரு தரம் அழுத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு உப்புப் பிளம் எடுத்து வாயில் போட்டாள்.

ஏழு மாதம் மணி ஒழுங்காக அடித்தது. பதினொரு தடவை. யின்யின் நாட்குறிப்பில் குறித்து வைத்திருந்தாள்.

எட்டாம் மாதம் மியாவோவின் கடைச் செயலி ஒரு பெரிய விற்பனை நாளில் செத்துச் செத்து விழுந்தது. மியாவோ ஆத்திரத்தோடு சாகாப் பட்டியலை வரி வரியாகப் படித்தாள். லாய் தவிர வேறு யாரும் அதுவரை அதை முழுக்கப் படித்ததில்லை. அடுத்த நாள் மீட்டிங்கில் பத்தாவது வரியைச் சுவரில் பெரிதாகப் போட்டாள்.

"நேர ஒழுங்கு உதவி" என்று வாசித்தாள். "இது ஹாங்ஜோல எட்டுப் பேர் வச்சு நடத்துற ஒரு கம்பெனியோட ஆப். நம்ம கம்பெனி ஆப்கூடக் கிடையாது. நமக்கு இடம் இல்லை, இதுக்கு இருக்கு. எழுதினது லாய் அக்கா. ஒப்புதல் ஷாவோ மேனேஜர். என்னக்கா, எவ்வளவு குடுத்தாங்க?"

அறையில் இருபது பேர். லாய் நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தாள். மகள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பாதிப் பேர் தலையைக் குனிந்திருப்பார்கள். அந்தக் குனிந்த தலைகளைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. இவர்களிடம் இரக்கம் வாங்கிக்கொண்டு இவர்களோடு மதியம் தூங்க முடியாது.

"நான்தான் போட்டேன்" என்றாள். "காசு எவனும் குடுக்கலை. குடுத்திருந்தா உன்னை மாதிரி ஒழுங்கா ஒரு காரணம் ஜோடிச்சிருப்பேன்."

"ஒப்புதல்?" என்று ஷாவோ கேட்டான். குரல் மெதுவாக இருந்தது. திரையில் தேதியையும் நேரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான். பகல் பன்னிரண்டு ஐம்பது. அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தச் செயலி என்ன, யாருக்கு என்பதும் புரிந்திருக்க வேண்டும். யின்யின் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லாயின் விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டவன் அவன்தான்.

அவனுக்கு இரண்டு வழி இருந்தது. நான்தான் ஒப்புதல் கொடுத்தேன் என்று சொல்லி அவளோடு சேர்ந்து நனையலாம். கொடுக்கவில்லை என்று சொல்லிப் பூட்டாத கணினிக்கு மட்டும் அடி வாங்கலாம்.

"நான் குடுக்கலை. அந்த நேரத்துல தூங்கிக்கிட்டு இருந்தேன்."

"பூட்டாமலா?" என்றாள் மியாவோ, இனிப்பாக.

"பூட்டாமத்தான்."

அந்த வருடம் அவனுக்கு வர வேண்டிய பதவி உயர்வு போனது. லாய்க்கு வேலை போனது. வெளியே வரும்போது நடைபாதையில் அவன் அவள் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்: "என்கிட்ட கேட்டிருந்தா நானே அமுக்கியிருப்பேனே. எட்டு வருஷம். ஒரு வார்த்தை கேக்க வாய் வரலையா?"

"கேட்டிருந்தா நீ காரணம் கேட்டிருப்ப."

"ஆமா, கேட்டிருப்பேன். நீங்க சொல்லிக்குடுத்ததுதானே."

அதற்கு அடுத்த வியாழக்கிழமைதான் பட்டமளிப்பு.

வீட்டுக்கு வந்ததும் லாய் மகளைக் கூப்பிட்டாள். "போன்ல புதுப் பதிப்பு போடச் சொல்லிக் கேக்கும். போடாத. ஒத்திப்போடு."

"எத்தனை நாளைக்கு?"

"எத்தனை நாள் விடுதோ அத்தனை நாளைக்கு."

பத்து நாள் விடும். பதினோராம் நாள் கேட்காமலே போட்டுக்கொள்ளும். அப்படிச் செய்யலாம் என்று முடிவெடுத்த மீட்டிங்கில் அவளும் கை தூக்கியிருந்தாள். பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாதபடி பூட்டு வேறு.

புதுப் பதிப்பு வந்த பன்னிரண்டாம் நாள் அவள் போனை வாங்கிப் பட்டியலைத் திறந்தாள். முப்பத்தொரு வரிகள். அவள் பெட்டி கட்டிப் போன மூன்றே வாரத்தில் பட்டியல் மியாவோவின் பிரிவுக்குப் போயிருந்தது. கடைச் செயலி இருந்தது. வானிலை, சுவர்ப்படம், ராசி பலன் எல்லாம் இருந்தன. சர்க்கரை மணி இல்லை. முப்பத்தொரு பேர் சாக மாட்டார்கள் என்றால், மிச்சமிருக்கிற நான்கைந்து பேர்தான் எல்லோருக்கும் சேர்த்துச் சாக வேண்டும். மணி இப்போது முதல் ஆளாக, தினமும் செத்தது.

லாய் டோங்குவானில் லிஃப்ட் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே கருவிக்குள் ஓடும் ஒவ்வொன்றுக்கும் ஆரம்பத்திலேயே நினைவகத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். நடுவில் ஒரு துளி கூடக் கேட்க முடியாது. பொய் வாக்கு கிடையாது, முரடனும் கிடையாது. "லிஃப்ட் பாதி வழியில நிக்கும்போது யாரைக் கொல்றதுன்னு யோசிக்க முடியாதும்மா" என்றார் அங்கிருந்த முதலாளி. இருபது வருடத்தில் அவள் கேட்ட முதல் நேர்மையான பேச்சு அது. ஆனால் யின்யினின் போன் லிஃப்ட் இல்லை.

ஆகவே தினமும் மதியம் ஒன்று பத்துக்கு மகளுக்குப் போன் செய்தாள்.

"எவ்வளவு?"

"ஆறு புள்ளி ரெண்டு, சரியாத்தான் இருக்கு. அம்மா, இங்க எட்டுப் பேர் தூங்குறாங்க. எல்லாரும் என்னைத் திட்டுறாங்க."

"திட்டட்டும். செத்துட்டா திட்ட மாட்டாங்க."

"நீ பேசுறதைக் கேட்டா எனக்கே செத்துடலாம்னு இருக்கு."

"நாளைக்கு ஒண்ணு பத்து."

இப்படி ஓர் இலையுதிர்காலம் போய்க் குளிர்காலம் வந்தது. ஒரு புதன்கிழமை ஒன்று பத்துக்கு அழைத்தபோது எண் அணைக்கப்பட்டிருப்பதாகக் குரல் சொன்னது. ஒன்று பன்னிரண்டுக்கும் அதே குரல். லாய் விடுதிக் காப்பாளரை அழைத்தாள்.

"எல்லாரும் தூங்குற நேரம்ங்க. ரெண்டு மணிக்கு மேல..."

"மூணாவது மாடி, ஜன்னலோரக் கீழ்க்கட்டில். இப்பவே போங்க. ரெண்டு மணிக்குப் போனீங்கன்னா நானும் வருவேன், போலீஸும் வரும்."

காப்பாளர் திட்டிக்கொண்டே மாடியேறுவதைப் போனிலேயே கேட்டாள். பிறகு திட்டு நின்றது. "சாறு எங்க, சாறு எங்க" என்ற சத்தம் வந்தது. கட்டில் கால் தரையில் உரசியது. ஒன்று முப்பத்தொன்றுக்கு யின்யினின் குரல், குழறலாக, கோபமாக: "அம்மா, இன்னிக்கு ஏன் லேட்டு?"

லாய் லிஃப்ட் கம்பெனியின் மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனை இணைத்தாள். பட்டியலில் நாற்பத்தொரு வரிகள். கூட்டம் நெரித்த நேரத்தில் முரடன் மிச்சமிருந்தவற்றை எல்லாம் கொன்று முடித்து, பிறகு சுற்றிப் பார்த்திருக்கிறான். பதிவேட்டின் கடைசி வரி: நினைவகம் தீர்ந்தது, கொல்லத் தகுந்தது எதுவும் இல்லை. அதற்குப் பிறகு போன் தன்னைத் தானே அணைத்துக்கொண்டு மறுபடி எழுந்திருக்கிறது. எழுந்தது மறுபடி விழுந்திருக்கிறது. மதியம் முழுக்க அப்படியே. கடவுச்சொல் போடுகிற வரைக்கும் எழுந்த போனில் மணி ஓடாது. போடுகிறவள் உணர்வில்லாமல் கிடந்தாள்.

லாய் அந்தக் கடைசி வரியைப் படம் எடுத்தாள். ஷாவோவுக்கு அனுப்பினாள். ஒரு சொல் சேர்க்கவில்லை. அவன் பார்த்துவிட்டான் என்று குறி வந்தது. பதில் வரவில்லை. அன்றைக்கும் இல்லை, அந்த வாரமும் இல்லை. போனை மாற்றக் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பள்ளி 'அடுத்த பருவத்தில் பார்க்கலாம்' என்றது. அடுத்த பருவத்திலும் அதையே சொன்னது. லாய் ஒன்று பத்துக்கு அழைப்பதை நிறுத்தவில்லை. யின்யின் திட்டுவதையும் நிறுத்தவில்லை. காப்பாளர் தன் பங்குக்கு ஒன்று ஐந்துக்கே மாடியேறி, அந்தக் கட்டிலைப் பார்த்து முறைத்துவிட்டு இறங்கப் பழகிக்கொண்டார்.

பதினாறு மாதம் கழித்து, யின்யின் பள்ளி இறுதி வருடத்தில் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் லாய் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. போன் அதிர்ந்தது. முதலில் ஒரு படம். சாகாப் பட்டியல். எண்ணிப் பார்த்தாள். பத்து வரிகள். கடைசி வரியின் காரணக் கட்டத்தில் மூன்று சொல் அல்ல, ஒரு முழுப் பத்தி இருந்தது. படத்தின் கீழே செய்தி:

'அக்கா, நேத்து எனக்குப் பட்டமளிப்பு. முப்பத்தஞ்சு வயசு ஆயிடுச்சு, இங்க அது கிழவன் வயசு. நம்ம போன் தானா அணைஞ்சு எழுந்திருக்குதுன்னு ஊரே சிரிச்சப்புறம் பட்டியலை வெட்டச் சொன்னாங்க. ஒன்பதுல நிறுத்தச் சொன்னாங்க. போறதுக்கு முன்னால நான் பத்துல நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பு வருது, பொண்ணுகிட்ட ஒத்திப்போட வேண்டாம்னு சொல்லுங்க. உங்க மேல இருக்கிற கோவம் அப்படியேதான் இருக்கு. எழுதினது நான். ஒப்புதல் மியாவோ. மத்தியானம் அவ நல்லாத் தூங்குறா.'